சைலன்சர் சத்தம்: கடன் கேட்கும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

 

சென்ற மழைக்காலத்தில் நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய பெட்ரோல் வேன் ஒன்றை ஓட்டிப் பிழைக்கும் சகோதரர் எழுதியிருந்தார். வண்டியின் சைலன்சர் சத்தம் தாங்க முடியவில்லை, பெற்றோர் குறை சொல்கிறார்கள், பட்டறையில் காட்டியதற்கு முழு செட்டையும் மாற்ற 14,500 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தொகையைக் கடனாகத் தர வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. நாம் தாமதித்தால் தினவட்டிக்கு வாங்கிவிடுவாரோ என்ற கவலை எங்களுக்கு இருந்தது.

குழுவில் ஒருவர் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருப்பவர். விண்ணப்பத்தைப் படித்ததும் அவர், "தம்பி, பணம் எங்கேயும் போகாது. இன்று இரவே வண்டியை என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போ. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது அடியில் பார்ப்போம்" என்றார்.

மறுநாள் ஸுப்ஹுத் தொழுகைக்குப் பிறகு பார்த்தபோது விஷயம் தெரிந்தது. சைலன்சரைத் தாங்கித் தொங்கவிடும் மூன்று ரப்பர்களில் இரண்டு அறுந்திருந்தன. அதனால் குழாய் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கத்தில் இரு குழாய்கள் சேரும் இணைப்பின் மீது எடை விழுந்திருந்தது. அந்த இணைப்பின் பேக்கிங் உடைந்து, அதன் வழியாகப் புகை சத்தத்தோடு வெளியேறிக்கொண்டிருந்தது. சைலன்சர் பெட்டியில் இருந்தது மேல்துரு மட்டுமே. ரப்பர் மூன்றுக்கு 180 ரூபாய், பேக்கிங் 120, போல்ட்டும் ஸ்பிரிங்கும் 100, தரைத்தகட்டின் துளைகளை மூடும் ரப்பர் மூடிகள் 50, கூலி 450. ஆக மொத்தம் 900 ரூபாய். கடன் தேவைப்படவில்லை.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று நாம் சொல்லவில்லை. வெல்டிங் வசதி இல்லாத பட்டறையும் உண்டு. சின்ன வேலையைச் செய்து கொடுத்தால் அடுத்த மாதம் வேறொரு இடத்தில் ஓட்டை விழுந்து, தன் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சி முழு செட்டையும் மாற்றச் சொல்பவரும் உண்டு. ஆனால், பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய் நிற்பவர், சொன்ன விலையைத் தவிர வேறெதையும் பேச முடியாது. எனவே இந்தப் பாடத்தில், சத்தம் வரும் இடத்தை நாமே எப்படி அறிவது, எதைச் சரிசெய்யலாம், எதை மாற்ற வேண்டும், எந்த இடத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது என்பதைப் பார்ப்போம்.

புகை போகும் வழி

இன்ஜினில் எரிந்த வாயு வெளியே போகும் பாதையை முன்னிருந்து பின்னாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேனிஃபோல்டு. இன்ஜினோடு ஒட்டியிருக்கும் இந்தப் பாகம் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் வாயுவை ஒன்று சேர்க்கிறது. அடுத்து, இன்ஜின் ஆட்டத்தைக் குழாய்க்குக் கடத்தாமல் தடுக்க ஒரு நெகிழ்வான இணைப்பு. சில வண்டிகளில் அது பின்னல் கம்பி போட்ட ஃப்ளெக்ஸ் பைப்பாக இருக்கும். சிலவற்றில் ஸ்பிரிங் போல்ட்டோடு கூடிய வளைய பேக்கிங்காக இருக்கும். பிறகு, நச்சு வாயுவைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். சில கார்களில் இது மேனிஃபோல்டை ஒட்டியே இருக்கும். அதற்குப் பின் நீண்ட குழாய், கடைசியில் சைலன்சர் பெட்டி, டெயில் பைப்.

சைலன்சர் பெட்டிக்குள் தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் உள்ளன. வேகமாகத் துடித்து வரும் வாயு அறைக்கு அறை விரிந்து, திரும்பி, மோதித் தன் சத்தத்தை இழந்து வெளியேறுகிறது. ஆகவே பெட்டிக்கு முன்னால் எந்த இடத்தில் ஓட்டை விழுந்தாலும் அடக்கப்படாத சத்தமே வெளியே வரும். பெட்டி புதிதாக இருந்தாலும் பயனில்லை. அந்த வேனில் பழுது பெட்டியில் இல்லாமலேயே அவ்வளவு சத்தம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

பெட்ரோல் எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். நீண்ட தூரம் ஓடும் வண்டியில் குழாய் முழுதும் சூடேறி அந்த ஈரம் போய்விடும். வீட்டிலிருந்து பள்ளிவாசல், பள்ளிவாசலிலிருந்து கடைத்தெரு என்று இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடி நிற்கும் வண்டியில், பெட்டி சூடேறும் முன்பே இன்ஜின் நின்றுவிடும். நீர் பெட்டிக்குள் தங்கும். துரு உள்ளிருந்து அரிக்கும். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும். ஒரு நாள் திடீரென்று பிய்ந்துவிடும்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று வெளிப்பக்கத்தையும் அரிக்கிறது. கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்தால் வண்டி ஆறியபின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுவதும் பெட்டியைக் காக்கும்.

பல சைலன்சர் பெட்டிகளின் அடியில் குண்டூசித் தலை அளவில் ஒரு துளை இருக்கும். தேங்கும் நீர் வடிவதற்காகக் கம்பெனியே விட்ட துளை அது. அதிலிருந்து நீர் சொட்டினால் பழுது என்று எண்ணிக் காசு கொடுத்து அடைத்துவிட வேண்டாம். அடைத்தால் நீர் உள்ளேயே தேங்கிப் பெட்டி இன்னும் விரைவாகக் கெடும்.

சத்தமே இடத்தைச் சொல்லும்

மெக்கானிக்கிடம் "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது, எப்படி வருகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள்.

1. காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் குறைகிறது: பெரும்பாலும் மேனிஃபோல்டு பேக்கிங் அல்லது மேனிஃபோல்டில் விரிசல். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி மூடிக்கொள்வதால் சத்தம் குறைகிறது. பழுது சரியாகிவிட்டது என்று எண்ணக் கூடாது.

2. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது "பர்ர்" என்று உறுமல்: குழாயிலோ பெட்டியிலோ ஓட்டை, அல்லது இணைப்பு விட்டிருக்கிறது.

3. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது "டம் டம்" என்று இடிக்கிறது: தொங்கும் ரப்பர் அறுந்து, குழாய் வண்டியின் அடியில் மோதுகிறது.

4. வண்டி நிற்கும்போது தகரம் அதிர்வது போலச் சத்தம்: சூடு தடுக்கும் ஹீட் ஷீல்டு தகடு தளர்ந்திருக்கலாம். ஒரு கிளாம்பில் முடியும் வேலை.

5. பெட்டியை அல்லது கன்வெர்ட்டரை அசைத்தால் உள்ளே கல் உருள்வது போலச் சத்தம்: உள்தகடோ, கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பாகமோ உடைந்திருக்கிறது. இதோடு வண்டி இழுவை குறைந்திருந்தால் உடைந்த துண்டுகள் வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை

செலவில்லாத இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் மூன்று ஒழுங்குகளைக் கட்டாயம் பின்பற்றுங்கள். வண்டி திறந்த வெளியில் சமதரையில் நிற்க வேண்டும், கேரேஜில் கூடாது. இன்ஜின் முழுதும் ஆறியிருக்க வேண்டும். ஓடி நின்ற சைலன்சரைத் தொட்டால் தோல் வெந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் உடலை நுழைக்கக் கூடாது. ஜாக்கி சரிந்து உயிரிழந்தவர்கள் உண்டு. வெளியிலிருந்தே குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். இணைப்புகளில் கறுப்பாகக் கரி படிந்து கோடு ஓடியிருந்தால் அங்கே கசிவு உண்டு. குழாய் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா, ரப்பர்கள் வெடித்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து, கையுறை போட்டுக்கொண்டு டெயில் பைப்பை மெல்ல அசையுங்கள். கொஞ்சம் ஆடுவது இயல்பு. வண்டியின் அடிப்பாகத்தில் இடித்தால் ரப்பர் போய்விட்டது.

மூன்றாவதாக, துருப்பிடித்த இடங்களை ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். கெட்டியான உலோகம் கணீரென்று ஒலிக்கும். அரித்துப்போன தகடு மந்தமாக ஒலித்து, செதில் உதிரும். நுனியால் அழுத்தினால் உள்ளே போய்விட்டால் அந்த இடம் வெல்டிங்கைத் தாங்காது.

கடைசியாக, கையைக் குனிய வைக்காத சோதனை. துணைக்கு ஒருவர் வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நனைத்து மடித்த கனமான துணியால் டெயில் பைப்பின் வாயை இரண்டு மூன்று விநாடி மட்டும் அழுத்தி எடுங்கள். குழாய் நன்றாக இருந்தால் துணியைத் தள்ளும் அழுத்தம் தெரியும், இன்ஜின் திணறும். எங்கேனும் கசிந்தால் அங்கிருந்து "புஸ்" என்ற சத்தம் தெளிவாகக் கேட்கும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு இன்ஜினை நிறுத்திவிடுங்கள். முகத்தை டெயில் பைப்புக்கு நேரே வைக்காதீர்கள்.

எதைச் சரிசெய்யலாம், எதை மாற்ற வேண்டும்?

ரப்பர், கிளாம்பு, போல்ட்: மாற்றிவிடுங்கள். மிகக் குறைந்த செலவு. ஒன்று அறுந்திருந்தால் மற்றவையும் அதே வயதுடையவை. சேர்த்தே மாற்றுவது நல்லது. கம்பி கட்டி ஓட்டுபவர்கள் உண்டு. கம்பிக்கு ரப்பரின் நெகிழ்வு கிடையாது. இன்ஜின் அதிர்வு முழுதும் இணைப்பில் போய் விழும். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் ஆயிரம் ரூபாய் இணைப்பு உடையும்.

பேக்கிங்: ஒருமுறை கழற்றிய பேக்கிங்கைத் திரும்பப் போடக் கூடாது. புதிது போடும் முன் இரு பக்கத் தகடுகளையும் சுத்தம் செய்தார்களா என்று பாருங்கள். எதனால் பேக்கிங் உடைந்தது என்றும் கேளுங்கள். அந்த வேனில் பேக்கிங்கை மட்டும் மாற்றி ரப்பரை விட்டிருந்தால் சில மாதத்தில் அதே சத்தம் திரும்பியிருக்கும்.

சிறிய ஓட்டை, சுற்றிலும் கெட்டியான தகடு: துண்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். பெட்டியின் ஓரத் தையல் பிரிந்திருந்தாலும் வெல்டிங் போதும்.

பெட்டி முழுதும் அரித்திருந்தால்: பெட்டியை மட்டும் மாற்றுங்கள். பல வண்டிகளில் குழாயை வெட்டி, புதிய பெட்டியைப் பொருத்தி, இணைப்பை வெல்டிங் செய்ய முடியும். ஃப்ளெக்ஸ் பைப் கிழிந்திருந்தாலும் அந்தத் துண்டை மட்டும் மாற்றித் தரும் சைலன்சர் பட்டறைகள் உண்டு. முழு செட் தேவையில்லை.

வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மீண்டும் மீண்டும் ஓட்டை விழுகிறதென்றால் ஒட்டுப் போடுவதை நிறுத்துங்கள். மூன்று முறை ஒட்டிய கூலியைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல பெட்டி வாங்கியிருக்கலாம்.

பழைய சாமான்: மேனிஃபோல்டு போன்ற கனமான வார்ப்புப் பாகங்கள் விரிந்தால் வெல்டிங் நிற்பது கடினம். இவற்றை நல்ல நிலையில் உள்ள பழையதாக வாங்கலாம். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடலாம். விரிசல் இல்லையா என்று வெளிச்சத்தில் பார்த்து, ரசீதோடு வாங்குங்கள். சைலன்சர் பெட்டியைப் பழையதாக வாங்காதீர்கள்; உள்ளே எவ்வளவு அரித்திருக்கிறது என்பது வெளியே தெரியாது.

புதிய பெட்டியிலும் விலை வித்தியாசம் உண்டு. வெறும் இரும்புத் தகட்டில் செய்தது மலிவு. அலுமினியப் பூச்சுள்ள தகடு கூடுதல் விலை, ஆனால் துருவை நீண்ட நாள் தாங்கும். கடற்கரை ஊரில் இரண்டாவதே முடிவில் மலிவு. எதுவானாலும் உங்கள் வண்டியின் குழாய் விட்டத்துக்குப் பொருந்துவதாக இருக்க வேண்டும். சிறிய விட்டமுள்ளதை மாட்டினால் இழுவையும் மைலேஜும் குறையும்.

ஓட்டையில் தகரம் சுற்றிக் கிளாம்பு போடுவதும், பசை தடவுவதும் பட்டறை வரை போவதற்கான வழி மட்டுமே.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்கள்

மேலே சொன்ன வேன் சரியான பிறகு அந்தச் சகோதரர் ஒரு விஷயத்தைச் சொன்னார். நடு இருக்கைப் பிள்ளைகள் சிலர் தலைவலி என்றும், வயிற்றைப் புரட்டுகிறது என்றும் சில வாரமாகச் சொல்லிவந்தார்களாம். காலையில் சாப்பிடாமல் வருவதால் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பேக்கிங் உடைந்த இணைப்பு அந்த இருக்கைக்கு நேர் கீழே இருந்தது. தரைத்தகட்டின் துளைகளில் இருந்த ரப்பர் மூடிகளும் விழுந்திருந்தன. மழைக்காலம் என்பதால் ஜன்னல்கள் அடைத்தே இருந்தன. அந்த 50 ரூபாய் மூடிகளை மெக்கானிக் சேர்த்து எழுதியதன் காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வேலை முடிந்த பிறகு அந்தக் குறை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கி, அளவு கூடினால் உயிரையே பறிக்கும். சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம். எனவே:

சத்தத்தோடு தலைவலியும் சேர்ந்தால் அந்த வண்டியில் ஆட்களை ஏற்றாதீர்கள். பட்டறைக்குப் போகும்போதும் எல்லா ஜன்னல்களையும் இறக்கிவிட்டுத் தனியாகப் போங்கள்.

பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். வண்டி ஓடும்போது பின்பக்கக் காற்று புகையை உள்ளே இழுத்துவரும்.

சவாரிக்குக் காத்திருக்கும்போது இன்ஜினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதீர்கள். ஓட்டுநர் சகோதரர்கள் இதைத் தயவுசெய்து தங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்.

மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதீர்கள்.

அடுத்தது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலைமிக்க உலோகங்கள் பூசப்பட்டிருப்பதால் புதியது வாங்கினால் விலை கடுமையாக இருக்கும். "அதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டுவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடைக் குறைக்கும் பாகமே அதுதான். அது இல்லாத வண்டி புகைப் பரிசோதனையில் தேறுவது கடினம். சென்சார் உள்ள வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் எரியும். கழற்றிய பழைய கன்வெர்ட்டருக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழையதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அதன் விலையைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

முன்பக்கக் கசிவைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவதிலும் மிச்சம் எதுவும் இல்லை. அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் குறைவாகப் போகிறது என்று தவறாக எண்ணி, கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வைக்கும். பேக்கிங்குக்குக் கொடுக்காத காசைப் பங்க்கில் கொடுப்போம்.

மூன்றாவது, வெல்டிங் பாதுகாப்பு. வண்டியில் வைத்தே வெல்டிங் செய்வதானால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டர் பாகம் பழுதாகலாம். பெட்ரோல் டாங்கும் குழாயும் பக்கத்தில் இருந்தாலும், கேஸ் கிட் பொருத்திய வண்டியானாலும், சைலன்சரைக் கழற்றித் தனியாக வைத்தே வெல்டிங் செய்ய வேண்டும். கழற்றி மாட்டும் கூடுதல் கூலியைப் பேரம் பேசாதீர்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

1. கசிவு எந்த இடத்தில்? எனக்குக் காட்ட முடியுமா?
2. இந்தப் பாகம் மட்டும் மாற்றினால் போதுமா? போதாது என்றால் காரணம் என்ன?
3. பொருள் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு? தனித்தனியாக எழுதித் தர முடியுமா?
4. கம்பெனிப் பொருளா, வெளிப்பொருளா? எத்தனை மாதம் உத்தரவாதம்?
5. கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பத் தருவீர்களா?

இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். அதில் ஒன்று சைலன்சர் வேலை மட்டும் செய்யும் பட்டறையாக இருக்கட்டும். இவற்றைச் சண்டைக்குப் போவது போலக் கேட்க வேண்டாம். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளை விரும்புவார். வேலை செய்தவருக்குக் கூலியை இழுத்தடிக்காமல் அன்றே கொடுத்துவிடுவதும் நம் கடமை.

இந்த இதழைப் படிப்பவர்களில் பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களும் பலர். அவர்களிடம் ஒரு வார்த்தை: வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் உங்களிடம் வருபவர் தம் பணத்தை அமானிதமாக உங்கள் கையில் ஒப்படைக்கிறார். பழுதைக் காட்டி, இரண்டு வழியையும் சொல்லி, முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் வியாபாரத்தில் பரக்கத் அதில்தான் இருக்கிறது.

அண்டை வீட்டாரின் உரிமை

சைலன்சர் சத்தத்தை நாம் கேட்டுப் பழகிவிடுவோம். ஸுப்ஹுக்கு முன் வண்டியைக் கிளப்பும்போது அடுத்த வீட்டில் இரவெல்லாம் இருமிவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த முதியவர் இருப்பார். தொட்டில் பிள்ளை இருக்கும். அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராமல் வாழ்வதை நபி (ஸல்) அவர்கள் ஈமானோடு சேர்த்துக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அவ்வண்டியில் நாம் தொழுகைக்கே போகிறோம் என்றாலும் அந்த உரிமை குறையாது.

பழுதால் வரும் சத்தம் ஒருபுறம் இருக்க, வேண்டுமென்றே சைலன்சரை வெட்டிச் சத்தத்தைக் கூட்டும் இளைஞர்களும் நம் தெருக்களில் உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, ஒவ்வொரு வாகனத்திலும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, ஒலி, காற்று மாசு விதிகளை மீறி ஓட்டினால் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2019 திருத்தத்தில் உயர்த்தப்பட்ட தொகை இது. லைசென்ஸும் மூன்று மாதத்துக்குத் தகுதியிழக்கும். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்த மூன்று மாதம் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நடுவழி

வீண்செலவும் கூடாது, தேவையான இடத்தில் கையை இறுக்குவதும் கூடாது என்ற நடுநிலையை, திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயமான பனீ இஸ்ராயீலும் 25ஆம் அத்தியாயமான அல் ஃபுர்கானும் நமக்குப் போதிக்கின்றன. அந்த வேனில் இரண்டு பக்கத்தையும் பார்த்தோம். 14,500 ரூபாயைக் கடன் வாங்கிக் கொட்டியிருந்தால் அது வீண்செலவு. சத்தம்தானே என்று 900 ரூபாயையும் செலவழிக்காமல் ஓட்டியிருந்தால், பிள்ளைகளின் உயிரோடு விளையாடியதாகியிருக்கும். பழுதின் விலை குறைவு என்பதால் அதன் ஆபத்தும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது.

எனவே வாகனப் பழுதுக்காகக் கடன் கேட்கும் சகோதரர்களுக்கு நமது வேண்டுகோள் இதுதான். பழுது எந்த இடத்தில் என்பதை முதலில் பாருங்கள். இரண்டு பட்டறைகளின் விலைச்சீட்டை விண்ணப்பத்தோடு இணையுங்கள். பார்க்கத் தெரியாது என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். குழுவிலிருந்து ஒருவர் உடன் வருவார். பொதுப்பணத்தில் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த விண்ணப்பதாரருக்குப் போய்ச் சேரும். அதைவிட முக்கியமாக, திருப்பிக் கட்ட வேண்டிய சுமை உங்கள் தோளில் குறையும்.

படித்ததைச் சோதித்துப் பாருங்கள்

1. சைலன்சர் பெட்டி புதிதாக இருந்தும் சத்தம் வருவது எப்படி?
2. காலையில் கேட்கும் "டிக் டிக்" சத்தம் சூடானதும் குறைந்தால் எந்தப் பாகத்தைச் சந்தேகிப்பீர்கள்?
3. அறுந்த ரப்பருக்குப் பதில் கம்பி கட்டினால் என்ன கெடும்?
4. பெட்டியின் அடியில் உள்ள சிறு துளையை ஏன் அடைக்கக் கூடாது?
5. சத்தத்தோடு பயணிகளுக்குத் தலைவலியும் வந்தால் உடனே செய்ய வேண்டியது என்ன?
6. குறைந்த விலை என்றாலும் கன்வெர்ட்டருக்குப் பதில் நேர்க்குழாய் போடுவது ஏன் தவறு?

இந்த வாரப் பயிற்சி: வரும் ஜும்ஆவுக்குள் உங்கள் வண்டியின் சைலன்சர் ரப்பர்களை ஒருமுறை குனிந்து பாருங்கள். உங்களுக்கு வண்டி இல்லையென்றால், உங்கள் பிள்ளைகள் போகும் பள்ளி வேன் ஓட்டுநரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள்.

அல்லாஹ் நமது ஹலாலான சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக! கடன் சுமையிலிருந்தும், பிறருக்குத் தொல்லை தருவதிலிருந்தும் நம்மைக் காப்பானாக! ஆமீன்.